சிறகின் கணக்கு: தேக்காத் திடலிலிருந்து சிலேத்தார் வரை

சென்ற பள்ளி விடுமுறையின்போது எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு, ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தோம். ஈசூனில் எங்கள் சித்தப்பா வீடு இருக்கிறது. மாலையில் பிள்ளைகளைக் கீழ்ச் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் கரைக்குக் கூட்டிப் போனோம். கரையோரப் புல்லின் மேல் தும்பிகள் பறந்து கொண்டிருந்தன. தலைக்கு மேலே சிறு விமானம் ஒன்று சிலேத்தார் விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து இறங்கிக் கொண்டிருந்தது.

பிள்ளைகளில் ஒருத்தி, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயின் மகள், புல்நுனியில் அமர்ந்த தும்பியை அசையாமல் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு எங்களிடம் வந்து இரண்டு கேள்விகள் கேட்டாள்.

"சார், தும்பியோட நாலு சிறகுலயும் நுனிப் பக்கம் கறுப்பா ஒரு புள்ளி இருக்கே, அது எதுக்கு?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. அடுத்த கேள்வி அதைவிடக் கடினமாக இருந்தது.

"சார், கணக்குப்படி தேனீயால பறக்கவே முடியாதுன்னு வகுப்புல சொன்னீங்களே. அப்புறம் அது எப்படி சார் பறக்குது?"

நேயர்களே, தேனீயைப் பற்றிய அந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "தேனீயின் உடல் பெரிது, சிறகு சிறிது. விஞ்ஞானக் கணக்கின்படி அது பறக்க முடியாது. ஆனால் அது தேனீக்குத் தெரியாது. ஆகவே பறக்கிறது. அதுபோல நீங்களும் நம்பிக்கை வைத்தால் உயரலாம்" என்பது அக்கதை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் அதை நாங்கள் ஒரு மேடைப் பேச்சில் கேட்டோம். நல்ல கதை என்று எண்ணி, பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கும் சொல்லி வந்தோம். அதன் பின்பாதியை ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகுதான் தேடினோம். தேடிக் கிடைத்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

முதலில், நாங்கள் நின்றிருந்த ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். ஈசூன் என்பது ஒரு மனிதரின் பெயர். லிம் நீ சூன் என்ற சீன வணிகர் 1879ஆம் ஆண்டு பிறந்து 1936ஆம் ஆண்டு மறைந்தவர். அன்னாசியும் ரப்பரும் பயிரிட்டுப் பெரும் செல்வம் ஈட்டியவர். அவருடைய 'நீ சூன்' என்ற பெயரே, சீனப் பொதுமொழி உச்சரிப்பில் 'ஈசூன்' ஆயிற்று. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கும் அவ்வட்டாரம் ஒரு காலத்தில் பால்மரக் காடாகவும் அன்னாசித் தோட்டமாகவும் இருந்தது. எங்கள் பாட்டனார் இளவயதில் அந்தப் பக்கத்தில் பால் வெட்டியவர். மங்கில் பால் வடியும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் ஆகாயக் கப்பல் போகும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்த ஆகாயக் கப்பல் சிங்கப்பூருக்கு முதன்முதலில் வந்தது ஈசூன் பக்கம் அன்று. நம்மவர்கள் தேக்கா என்று அழைக்கும் சிராங்கூன் சாலை வட்டாரத்தை நீங்கள் அறிவீர்கள். சீனிவாசப் பெருமாள் கோயிலின் பின்புறம் ரேஸ் கோர்ஸ் சாலை ஓடுகிறது. பெயரே சொல்வதுபோல, அங்கே அந்நாளில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பின்னர் அவ்விடம் ஃபேரர் பார்க் என்று பெயர் பெற்றது. 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி, ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு விமானி அந்தத் திடலிலிருந்து ஒரு விமானத்தை எழுப்பிப் பறந்து காட்டினார். சிங்கப்பூர் மண்ணிலிருந்து எழும்பிய முதல் விமானம் அதுதான். பெருமாளைக் கருடன் மேல் எழுந்தருளச் செய்யும் கோயிலுக்கு அருகிலேயே, மனிதன் செய்த சிறகு காற்றில் ஏறியது.

அந்த விமானத்தின் பெயர் 'பாக்ஸ்கைட்'. பெட்டிப் பட்டம் என்று பொருள். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சிறகுகள். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்து, இடையில் குச்சிகளும் கம்பிகளும் வைத்து இறுகக் கட்டியிருந்தார்கள். கனத்த இயந்திரத்தோடும் ஒரு மனிதரோடும் துணிச் சிறகு எப்படி வானத்தில் நின்றது?

இதற்கு விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. காற்று வேகமாக வீசும்போது ஒரு முறத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முறத்தைக் காற்றுக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடித்தால் அது சும்மா இருக்கும். முன்விளிம்பைச் சற்றே உயர்த்துங்கள். முறம் மேலே எழும்பப் பார்க்கும். இன்னும் உயர்த்துங்கள். இப்போது எழும்புவதை விட்டுவிட்டு உங்களைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கும்.

இந்த மூன்று நிலைகளிலும் சிறகின் பாடம் அடங்கியிருக்கிறது. சற்றே சாய்ந்த சிறகு, தன்மீது வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. சிறகு காற்றைக் கீழே தள்ள, காற்று சிறகை மேலே தள்ளுகிறது. சிறகின் மேற்புறத்தில் காற்றின் அழுத்தம் குறைந்தும் கீழ்ப்புறத்தில் கூடியும் இருக்கிறது. மேலே தூக்கும் இந்த விசையைத் தூக்குவிசை என்கிறோம். பின்னுக்கு இழுப்பதை இழுவிசை என்கிறோம். சாய்வு அளவு மீறினால், மேற்புறத்தை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து சிதறிவிடுகிறது. அப்போது தூக்குவிசை குறைந்து விமானம் தாழ்ந்துவிடும். விமானிகள் மிகவும் அஞ்சுவது இந்த நிலைக்குத்தான்.

இவ்வளவு எளிமையாக நாம் சொல்லிவிட்டோம். ஆனால் இதைக் கண்டறிய மனிதனுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பறவையைப் போலச் சிறகடித்துப் பறக்க முயன்று கைகால் முறித்துக் கொண்டவர்கள் பலர். இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி என்பவர்தான் 1799ஆம் ஆண்டில் ஒரு புதிய எண்ணத்தை வரைந்து வைத்தார். தூக்குவது ஒரு வேலை, முன்னே செலுத்துவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே சிறகின்மேல் சுமத்த வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். அசையாத சிறகு தூக்கட்டும், வேறொரு கருவி முன்னே தள்ளட்டும் என்றார். இன்று நம் தலைக்கு மேலே போகும் விமானங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

அவருக்குப் பின் ஜெர்மனியில் ஒட்டோ லிலியெந்தால் தோன்றினார். நாரைகள் பறப்பதை அவர் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். எந்த வளைவுள்ள சிறகு எந்தச் சாய்வில் எவ்வளவு தூக்குகிறது என்பதை அளந்து அட்டவணை போட்டு, 1889ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1891 முதல் தாமே செய்த சிறகுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து சறுக்கிப் பறந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை அவ்வாறு பறந்தார் என்பர். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டில், சிறகு அளவு மீறி நிமிர்ந்து, தூக்குவிசை இழந்து, கீழே விழுந்து உயிர் நீத்தார். முறத்தை மிகவும் உயர்த்திப் பிடித்தால் என்ன ஆகும் என்று பார்த்தோமல்லவா? அதுவே அவர் உயிரைக் குடித்தது.

அவருடைய அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள். வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்ற அந்த இருவரும் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். 1900, 1901ஆம் ஆண்டுகளில் அவர்கள் செய்த சறுக்கு விமானங்கள் கணக்கிட்ட அளவுக்கு மேலே தூக்கவில்லை. கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அப்படியானால் பிழை எங்கே?

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நம்மால் முடியாது என்று அவர்கள் கைவிடவில்லை. நம்பிக்கையோடு மறுபடியும் மறுபடியும் மேட்டிலிருந்து குதித்துக் கொண்டிருக்கவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பி, ஏறத்தாழ ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்தார்கள். அதன் ஒரு முனையில் விசிறியை வைத்துக் காற்றை ஓடவிட்டார்கள். தகரத்தில் சின்னஞ்சிறு சிறகுகள் வெட்டி, அந்தக் காற்றில் நிறுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார்கள். ஏறத்தாழ இருநூறு வகைச் சிறகுகளை இவ்வாறு சோதித்தார்கள்.

முடிவில் பிழை அகப்பட்டது. காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட எல்லாரும் பயன்படுத்தி வந்த ஓர் எண் இருந்தது. 1759ஆம் ஆண்டில் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளரின் பெயரால் வழங்கிய எண் அது. அந்த எண் உண்மையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தது! நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் அதை நம்பியே பலரும் சிறகு செய்தார்கள். சைக்கிள் கடைக்காரர்கள் இருவர் அதை அளந்து திருத்தினார்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி அவர்களுடைய இயந்திர விமானம் 12 விநாடி நேரம் பறந்து 120 அடி தூரம் சென்றது. எட்டு ஆண்டுகள் கூட முழுதாகக் கழியவில்லை. தேக்காத் திடலில் பாக்ஸ்கைட் எழும்பிவிட்டது.

அந்தத் திடல் இன்னொரு விந்தையையும் கண்டது. 1919ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் முடிந்த பிறகு, ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சகோதரர்கள் இரண்டு பொறிவினைஞர்களுடன் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தார்கள். நவம்பர் 12ஆம் தேதி புறப்பட்டு டிசம்பர் 10ஆம் தேதி டார்வின் நகரை அடைந்தார்கள். வழியில் டிசம்பர் 4ஆம் தேதி சிங்கப்பூரில் இறங்க வேண்டியிருந்தது. பெரிய விமானம், சிறிய பந்தயத் திடல். ஓடி நிற்க இடம் போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பெனட் என்ற பொறிவினைஞர் தம் இருக்கையை விட்டு வெளியே ஏறி, விமானத்தின் முதுகின் மேல் ஊர்ந்து, வால் பக்கம் போய்ச் சேர்ந்தார். அவருடைய பாரத்தால் வால் தரையில் அழுந்தியது. விமானம் விரைவில் நின்றது. பயணப் புகழ் விமானிகளுக்கு. வால்மேல் ஊர்ந்தவரோ ஒரு தொழிலாளி. அவரையும் நாம் நினைவில் வைப்போம்.

குதிரைப் பந்தயத் திடல் இனிமேல் போதாது என்று ஆயிற்று. தீவின் வடக்கே, நீ சூன் வட்டாரத்துக்குக் கிழக்கில் இருந்த சிலேத்தார் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே பால்மரங்களையும் சதுப்புக் காட்டையும் வெட்டி, நிலத்தை மேடு பள்ளம் இல்லாமல் சமன்செய்து, பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் ஒன்றை அமைத்தார்கள். 1928ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு வந்த நான்கு 'சவுத்ஹாம்ப்டன்' கடல் விமானங்கள் அங்கே வந்து இறங்கின. 1930 முதல் பயணிகள் விமானங்களும் தபால் விமானங்களும் சிலேத்தாருக்கு வரத் தொடங்கின. 1937ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலாங் விமான நிலையம் திறக்கப்படும்வரை சிங்கப்பூரின் வான்வாசல் சிலேத்தாராகவே இருந்தது. மரத்தை வெட்டியவர்கள், மண் சுமந்தவர்கள், கல் பரப்பியவர்கள் ஆகியோரின் பெயர்களை விமான வரலாறு சொல்வதில்லை. நம் பாட்டன் பூட்டன் கைகளும் அவற்றுள் இருந்தன என்பதை நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1930ஆம் ஆண்டு மே மாதம் சிலேத்தாரில் வந்து இறங்கியவர்களில் ஒருவர் எமி ஜான்சன். மீன் வணிகர் ஒருவரின் மகள். லண்டனில் தட்டச்சு வேலை பார்த்துக் கொண்டே விமானம் ஓட்டக் கற்றார். இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்க்கவும் கற்றுச் சான்றிதழ் பெற்றார். 26 வயதில், மே 5ஆம் தேதி இங்கிலாந்தில் தனியாகப் புறப்பட்டு, மே 24ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண்மணி அவரே. சிங்கப்பூரை விட்டுச் சென்றபின் ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்க நேர்ந்தது. தரையில் நட்டிருந்த மூங்கில் முளைகள் விமானத்தின் துணிச் சிறகைக் கிழித்துவிட்டன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழிசலில் ஒட்டிக்கொண்டு மேலே பறந்தார்!

அவர் ஓட்டி வந்த விமானத்தின் பெயர் 'ஜிப்ஸி மாத்'. 'மாத்' என்றால் அந்துப்பூச்சி. அதைச் செய்த ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்ற பொறியாளர் பூச்சிகளைச் சேகரிப்பதிலும் ஆராய்வதிலும் மிகுந்த ஈடுபாடு உடையவர். அந்துப்பூச்சி ஓய்வெடுக்கும்போது சிறகை உடலோடு ஒட்டி மடித்துக்கொள்வதுபோல, அவருடைய விமானத்தின் சிறகையும் பின்னால் மடித்து ஒரு சிறு கொட்டகையில் நிறுத்தலாம். ஆகவே தம் விமானங்களுக்கு அந்துப்பூச்சியின் பெயரையே சூட்டினார்.

சிறகு நன்மையை மட்டுமே சுமந்து வந்தது என்று சொல்ல முடியாது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரின் மேல் குண்டு வீசின. நகரும் தாக்கப்பட்டது, சிலேத்தார் தளமும் தாக்கப்பட்டது. அதுவரை அண்ணாந்து பார்த்து வியந்த எங்கள் பாட்டனார், அன்றிலிருந்து சத்தம் கேட்டாலே மரத்தடியில் பதுங்கினாராம். அறிவு யார் கையில் எதற்காக இருக்கிறது என்பதும் வரலாற்றின் பாடந்தான்.

இனி, தேனீயிடம் வருவோம்.

1934ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் அந்துவான் மன்யான் என்ற அறிஞர் பூச்சிகள் பறப்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விமானத்துக்குப் பயன்படும் காற்று விதிகளைப் பூச்சிகளுக்குப் பொருத்திக் கணக்கிட்டால், அவை பறப்பது இயலாது என்ற முடிவு வருகிறது என்று அதில் குறிப்பிட்டார். கணக்கில் அவருக்கு உதவியவர் செந்த்லாகு என்ற கணித அறிஞர். நாம் கேட்ட கதையின் வேர்களில் ஒன்று இதுதான்.

மன்யான் பிழையான கூட்டலோ கழித்தலோ செய்துவிடவில்லை. அசையாத சிறகுக்கு உரிய கணக்கை அடித்துக்கொள்ளும் சிறகுக்குப் போட்டதுதான் குறை. காண்டா தூக்கிப் பால் சுமப்பவரின் நடையை, வண்டிச் சக்கரத்தின் கணக்கைக் கொண்டு அளந்தால் சரியாக வருமா? நடப்பது உண்மை. ஆகவே கணக்கில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது. எது விடுபட்டது என்று தேடுவதே விஞ்ஞானம்.

தேடியவர்களில் ஒருவர் டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய டோர்கல் வைஸ்-ஃபோ. ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத ஒரு குளவியை அவர் ஆராய்ந்தார். தோட்டப் பயிர்களைக் கெடுக்கும் வெள்ளை ஈயை ஒழிக்க உதவும் குளவி அது. விநாடிக்கு ஏறத்தாழ 400 தடவை சிறகடிப்பது. அதன் இரு சிறகுகளும் முதுகின் மேலே கைதட்டுவதுபோல ஒன்றோடொன்று மோதிச் சேர்கின்றன. பிறகு, நாம் புத்தகத்தைத் திறப்பதுபோல, முன்விளிம்பிலிருந்து விரிந்து பிரிகின்றன. அந்த இடைவெளிக்குள் காற்று பாய்ந்து சுழல, உடனே தூக்குவிசை பிறக்கிறது. 1973ஆம் ஆண்டில் அவர் இதை வெளியிட்டார். இப்படியொரு தந்திரம் விமானத்தில் இல்லை.

எல்லாப் பூச்சிகளும் இப்படிச் சிறகு தட்டுவதில்லை. 1996ஆம் ஆண்டில் அதே கேம்பிரிட்ஜில் சார்லஸ் எலிங்டன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு பெரிய அந்துப்பூச்சியைப் புகைக்குள் பறக்கவிட்டுப் படமெடுத்தார்கள். சிறகின் முன்விளிம்புக்கு மேலே புகை ஒரு சிறு சூறாவளியைப்போலச் சுருண்டு நின்றது. சுழலும் காற்றின் நடுவில் அழுத்தம் குறைவு. ஆகவே அது சிறகை மேலே இழுக்கிறது. முறத்தை அளவுக்கு மீறிச் சாய்த்தால் காற்று பிரிந்துவிடும் என்றோமே, அந்தப் பிரிந்த காற்றையே பூச்சி பயன்படுத்திக் கொள்கிறது! சுழல் நழுவிப் போய்க் கெடுதல் செய்வதற்குள், சிறகைப் புரட்டி எதிர்ப்பக்கம் வீசத் தொடங்கிவிடுகிறது. லிலியெந்தாலைக் கொன்ற அதே சாய்வுக்குப் பக்கத்தில், பூச்சி நாள் முழுவதும் பிழைத்துக்கொள்கிறது.

தேனீயின் கணக்கு 2005ஆம் ஆண்டில் தெளிவானது. அமெரிக்காவில் மைக்கேல் டிக்கின்சனும் டக்ளஸ் ஆல்ட்ஷுலரும் அவர்களுடைய தோழர்களும் அதிவேகப் படக்கருவியால் தேனீயைப் படமெடுத்தார்கள். தேனீ விநாடிக்கு ஏறத்தாழ 230 தடவை சிறகடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீச்சும் குறுகியது, ஏறத்தாழ ஒரு செங்கோண அளவே. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் சிறகு சட்டென்று புரளுகிறது. பிறகு, காற்றை மெலிதாக்கி அதில் தேனீயைப் பறக்கவிட்டார்கள். தேனீ வேகத்தைக் கூட்டாமல், வீச்சின் அகலத்தைக் கூட்டிச் சமாளித்தது. மகரந்தமும் தேனும் சுமக்கும் வேளைக்கு வேண்டிய கூடுதல் வலுவை அது கையிருப்பாக வைத்திருக்கிறது என்பது விளங்கிற்று.

சிறுபூச்சியின் சிறகை ஆராய்வதால் நமக்கு என்ன பயன் என்று தாய்மார்கள் சிலர் கேட்கலாம். செம்பனைத் தோட்டத்தில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு அது தெரியும். முன்னெல்லாம் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டியிருந்தது. அதற்கென்றே தோட்டங்களில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களில் பெண்கள் பலர். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில், செம்பனைப் பூவுக்குப் பூ பறந்து மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு கூன்வண்டு என்பதை ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்து காட்டினார். 1981ஆம் ஆண்டில் அந்த வண்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அதன் சிறகுகள் தோட்டம் தோட்டமாகப் பரவின. காய்ப்பிடிப்பு உயர்ந்தது. கையால் தூவும் வேலை மறைந்தது. ஒரு பூச்சியின் சிறகு நம் வீட்டு அடுப்புவரை வந்து பேசியது. வேலை போன வீடுகளும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அறிவு வரும்போது அதை முன்னதாகவே அறிந்திருப்பவன்தான் அதற்கேற்பத் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறான்.

வண்டைப் பற்றிப் பேசும்போது சிங்கப்பூரையே மீண்டும் குறிப்பிட வேண்டும். தீவின் மேற்கே உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹிரோத்தக்கா சாத்தோ என்ற அறிஞரும், அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, கைவிரல் நீளமுள்ள ஒரு மலர் வண்டின் முதுகில் மிகச் சிறிய வானொலிக் கருவியைப் பொருத்தினார்கள். வண்டு தன் போக்கில் பறக்கும்போதே அதன் தசைகளின் வேலையை அறிந்தார்கள். சிறகின் அடியில் உள்ள ஒரு சிறு தசை சிறகை மடக்குவதற்கு உரியது என்றே நெடுங்காலமாகக் கருதி வந்தார்கள். அதே தசை, பறக்கும்போது இடமும் வலமும் திரும்பவும் உதவுகிறது என்பதை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மடக்கும் தசையே திருப்பும் தசையாகவும் இருக்கிறது. பழைய நூலில் எழுதியிருப்பது பிழையன்று, முழுமையன்று, அவ்வளவுதான்.

இனி அந்தப் பிள்ளையின் முதல் கேள்வி. தும்பியின் சிறகு நுனியில் உள்ள கறுப்புப் புள்ளி எதற்கு? சுவீடன் நாட்டின் ஓக்கே நோர்பெரி என்பவர் இதே கேள்வியைக் கேட்டு 1972ஆம் ஆண்டில் விடை சொன்னார். அந்தப் புள்ளி சிறகின் மற்ற இடங்களைவிடக் கனமானது. தும்பி சிறகடிக்காமல் வேகமாக மிதந்து செல்லும்போது, மெல்லிய சிறகு காற்றில் படபடவென்று நடுங்கத் தொடங்கும். சிறகின் முன்விளிம்பில் நுனிக்கு அருகே இருக்கும் அந்தச் சிறு கனம் நடுக்கத்தை அடக்குகிறது. அதனால் தும்பியால் இன்னும் வேகமாக மிதந்து செல்ல முடிகிறது. விமானங்களின் சிறகுப் பகுதிகளும் இதே நடுக்கத்தால் முறிந்ததுண்டு. பொறியாளர்களும் பொருத்தமான இடத்தில் ஒரு சிறு கனத்தை வைத்தே அதை அடக்கினார்கள். நூலறிவில் உயர்ந்தவர் கேட்ட கேள்வியும், தோட்டத்துப் பிள்ளை நீர்த்தேக்கக் கரையில் கேட்ட கேள்வியும் ஒன்றே!

ராமேசுவரத்துக் கதையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். விளங்காத பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று, பறவைகளைக் காட்டினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்றார். அவரே அப்துல் கலாம். அந்த ஆசிரியர் நம்பிக்கையூட்டும் கதையோடு நின்றுவிடவில்லை. பறவையை நேரில் காட்டினார். நாங்கள் தவறவிட்டது அதைத்தான்.

நேயர்களே, எங்கள் பாட்டனார் அண்ணாந்து பார்த்த சிலேத்தாரில் இன்று விமானத் தொழிற்பூங்கா ஒன்று இயங்குகிறது. அங்குள்ள ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலை 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பெரிய விமான இயந்திரத்தின் முகப்பில் சுழலும் விசிறி இதழ்களை அங்கே டைட்டேனிய உலோகத்தில், உள்ளே குழிவாகச் செய்கிறார்கள். ஒவ்வோர் இதழும் காற்றைப் பின்னே தள்ளும் ஒரு சிறகுதான். சுழன்றுகொண்டே வேலை செய்யும் சிறகு. பால்மரம் நின்ற பக்கத்தில் இன்று சிறகு விளைகிறது. அதைச் செய்பவர்கள் மந்திரம் கற்றவர்கள் அல்லர். கணக்கும் விஞ்ஞானமும் கைத்தொழிலும் கற்றவர்கள்.

பள்ளி திறந்த முதல் நாள், வகுப்பில் நாங்கள் பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டோம். "தேனீயைப் பற்றி நாங்கள் சொன்னது பாதிக் கதை. தேனீ நம்பிக்கையால் பறக்கவில்லை. விநாடிக்கு 230 தடவை சிறகடித்துப் பறக்கிறது. அதை மனிதன் கணக்கிட முடியாமல் இருந்தான். பிறகு அளந்தான், அறிந்தான்" என்று சொன்னோம். பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி கேட்ட பிள்ளை சிரிக்கவில்லை. தன் குறிப்பேட்டில் அந்த எண்ணை எழுதிக்கொண்டாள்.

தோட்டத்துப் பிள்ளையால் முடியாது என்று யாரேனும் கணக்குச் சொன்னால், அந்தக் கணக்கில் எது விடுபட்டது என்று கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பூச்சியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், வேலையைக் கெடுக்கிறாய் என்று அதட்டாதீர்கள். அது எத்தனை சிறகு, எப்படி மடிக்கிறது, எங்கே புள்ளி இருக்கிறது என்று கேளுங்கள். மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படும்போது, பிள்ளையோடு நீங்களும் சற்று நேரம் நின்று பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு இருவருமாகத் தேடுங்கள்.